கேசட்டின் ஏழாவது பாட்டு

ஜூன் 12
காலை 162/100. மாலை 170/104.

டாக்டர் சொன்னதற்காக வாங்கிய நோட்டு இது. தினமும் இரண்டு வேளை பி.பி. பார்த்துக் குறிக்க வேண்டுமாம். “அன்னிக்கு எதுக்குக் கோபம் வந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க மேடம். எனக்கு உங்க பேட்டர்ன் தெரியும்” என்றார். ஒரு வரி போதும் என்று நினைக்கிறார் பாவம்.

இன்று பள்ளி திறந்தது. கபடிப் பிள்ளைகளுக்குப் புது ஜெர்சி வந்திருந்தது. முதுகில் பள்ளியின் பெயர் கடுகளவு, நெஞ்சில் கம்பெனியின் பெயர் கட்டைவிரல் பருமனில். பனையடிக்குப்பத்தில் கம்பெனி என்றால் ஒன்றுதான், கந்தக அமிலம் காய்ச்சுகிற இடம். எங்கள் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கணினி அறை எல்லாம் அவர்கள் கொடுத்தது. பிள்ளைகளுக்கு இருமலும் அவர்கள் கொடுத்ததுதான். அதில் மட்டும் பெயர் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஒரு போன். ஒரு பெண் குரல். “துரு பேண்ட்ல பாடின ஜெனோவா மேடமா?”

“ராங் நம்பர்” என்று வைத்துவிட்டேன். மாலை 170 ஏன் என்று இப்போது டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.

ஜூன் 13
166/100. அதே பெண், நான்கு முறை. எடுக்கவில்லை.

ஜூன் 15
காலை 158/98. மாலை பார்க்க மறந்துவிட்டேன்.

நேரில் வந்துவிட்டாள். பெயர் நித்திலா. இருபத்தைந்து வயது இருக்கும், மொட்டை அடித்து முடி வளர்ந்துகொண்டிருக்கிற மாதிரித் தலை. பெங்களூரில் பழைய இசைத்தட்டுகளைத் தேடி மறுபடி வெளியிடுகிற நிறுவனத்தில் வேலை. சொந்த ஊர் அம்பத்தூர். பி.டி. பீரியடின் நடுவில் மைதானத்துக்கே வந்து நின்றாள்.

“ராங் நம்பர்னு சொன்ன குரலை வச்சே நீங்கதான்னு தெரிஞ்சுடுச்சுக்கா” என்றாள்.

பையிலிருந்து கேசட்டை எடுத்தாள். ‘மூணாம் சங்கு’. நான் போட்டோகாப்பிக் கடையில் நின்று வெட்டி ஒட்டிய அட்டை. முந்நூறு போட்டோம். ஒன்றுகூட உலகத்தில் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.

“பழைய சாமான் கடையில கெடைச்சுது. ஆனா ரெக்கார்டிங் எங்க ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் இருந்துச்சு. யார் யாருக்குக் காப்பி பண்ணிக் குடுத்தாங்கன்னே தெரியாது. கொச்சியில ஒரு பேண்ட் உங்க ரெண்டாவது பாட்ட இப்பவும் மேடையில பாடுறாங்க. நாங்க மூணு பேரு இத கேட்டுட்டுத்தான் கிட்டாரே வாங்கினோம்.”

போனில் ஓடவிட்டாள். வெயிலில் நின்று, இருபத்திரண்டு வயது ஜெனோவா கத்துவதைக் கேட்டேன். சுருதி இல்லை. தாளத்துக்கு முன்னால் ஓடுகிறாள். வரிக்கு நடுவில் மூச்சு வாங்குகிறது. கோகோ ஆடிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். “மிஸ், யாரு மிஸ் இது சண்ட போடுறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“உன் வேலையப் பாரு” என்று விசில் ஊதினேன்.

எனக்கு அந்தப் பெண் மேல் கோபம். இத்தனை ஊரில் இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்றால் சந்தோஷம்தானே வர வேண்டும்?

ஜூன் 18, ஞாயிறு
160/98

பூசை முடிந்து வந்து கறி வாங்கி, ஆக்கி, துணி துவைத்துக் காயப்போட்டாயிற்று. என் வீட்டுக்காரர் அருமைநாதனுக்குத் துறைமுகத்தில் பகல் ஷிப்ட். கிரேன் மேலே உட்கார்ந்திருப்பார். இருபது வருடமாக என் கோபத்துக்கு எட்டாத உயரத்தில் வேலை பார்க்கிறார், புத்திசாலி.

நித்திலா கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறாள். ‘பங்க் ராக் உங்களுக்கு எப்படி அறிமுகம்?’ அவளுக்கு எழுதவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நண்பன் பென்னியின் மாமா கப்பலில் சமையல்காரர். தொண்ணூற்றேழில் மூன்று கேசட் கொண்டுவந்தார். உறை கிடையாது, பெயர் கிடையாது, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் ‘77’ என்று மட்டும் எழுதியிருந்தது. லண்டனில் அந்த வருடம் வந்த ஆல்பங்கள் என்றார். யாரோ ஒரு மாலுமியிடமிருந்து பதிவு செய்தது. முதலில் டேப் வேகமாக ஓடுகிறது என்று நினைத்து, பென்னி டேப் ரிக்கார்டரின் ஹெட்டைச் சுத்தம் செய்தான். இல்லை, அவர்களே அவ்வளவு வேகம். எல்லாப் பாட்டிலும் அதே மூன்று கிட்டார் கார்டு. பாடுகிறவன் பாடவில்லை, யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்குகிறான். ஆங்கிலம் பாதி புரியவில்லை. கோபம் முழுசாகப் புரிந்தது.

இன்னொரு நண்பன் கஜா, கஜபதி, துள்ளிக் குதித்தான். “டேய், இவனுங்களுக்கும் வாசிக்கத் தெரிலடா! தெரியாமயே போட்டுக்கீறானுங்க!” அந்த ஒரு வார்த்தையில் எங்கள் பேண்ட் ‘துரு’ பிறந்தது. அதுவரை பாட்டு என்றால் தெரிந்தவர்கள் செய்வது. கோயில் பாடகர் குழுவில் குரல் சரியில்லை என்று என்னை இரண்டு முறை இறக்கிவிட்டிருந்தார்கள். இந்த ஆட்கள் வந்து, தெரிகிறவரை உன்னை யார் காத்திருக்கச் சொன்னது என்று கேட்டார்கள்.

பென்னி கிட்டார், கஜா டிரம்ஸ், நான் குரல். பேஸ் வாசிக்க ஆள் இல்லை. இல்லாமலே வாசித்தோம்.

சவுண்ட் சர்வீஸ் கடை மாடியில் ஒரே பகலில் பதிவு. ஏழு பாட்டு, பத்தொன்பது நிமிடம். ஏழாவதின் பெயர் ‘கேட்டத் தெற’. கஜாவின் அண்ணன் லோகு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். தொண்ணூற்றெட்டு நவம்பரில், ஒரு மதியம், தொட்டியிலிருந்து அமிலப்புகை கசிந்தது. உள்ளே இருந்தவர்கள் பின்கேட்டுக்கு ஓடினார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதுமுன் வெளியே போய்விடுகிறார்கள் என்று அந்தக் கேட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வருவதற்குள் ஐந்து பேர் மயங்கினார்கள். லோகு எழுந்திருக்கவே இல்லை.

பாட்டில் மொத்தம் ஆறு வார்த்தை. கேட்ட, தெற, சாவி, எங்க, பூட்டு, தொங்குது. பார்த்தவர்கள் சொன்னதை வைத்து எழுதினேன். இரண்டு நிமிடம் அதையே கத்தினோம். பதிவில் கஜா அழுதுகொண்டே அடித்தான். ஒரு தப்பைக்கூட நாங்கள் திருத்தவில்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை. பேண்ட் நின்றுவிட்டது.

ஜூன் 21
காலை 164/100. மாலை 182/110. மிஷின் கெட்டுவிட்டதோ என்று மறுபடி பார்த்தேன். கெடவில்லை.

பென்னி போன் செய்தான், மும்பையிலிருந்து. சோப்பு விளம்பரத்துக்கு எல்லாம் இசை போடுகிறான் இப்போது. எங்கள் கேசட்டை மறுபடி வெளியிடும் வேலையை நித்திலாவின் நிறுவனம் அவனிடம் கொடுத்திருக்கிறது. பெனடிக்ட் என்று முழுப் பெயரில் அறிமுகம் செய்துகொண்டான், என்னிடமே.

“ஜென்னி, சூப்பரா வருது. பெரிய ரெக்கார்டு தட்டு, நல்ல பேப்பர்ல புக்லெட், ஆகஸ்ட்ல ஃபெஸ்டிவல்ல ரிலீஸ். ஆறு பாட்டையும் சுத்தமா ரீமாஸ்டர் பண்ணிட்டேன்.”

“ஏழு.”

“ஆறு போதும். ஏழாவது குவாலிட்டி சரியில்ல, டேப் போயிடுச்சு.”

“அந்தப் பொண்ணு வச்சிருக்கிற கேசட்ல நல்லாத்தான இருக்கு? நான் கேட்டேன்.”

“ஜென்னி, அந்தப் பாட்டப் பத்தி எங்கிட்ட நீ பேசுறியா? நீ?”

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னான். அதை எழுத அவசியமில்லை.

ஜூன் 24
168/102

நித்திலா வீட்டுக்கு வந்து, பென்னி திருத்திய பதிவைப் போட்டுக் காட்டினாள். அருமைநாதன் டீ போட்டுக் கொடுத்தார்.

மூச்சு வாங்குகிற சத்தத்தை எல்லாம் வெட்டியிருக்கிறான். டிரம்ஸ் கடிகாரம் மாதிரி அடிக்கிறது. மூன்றாம் பாட்டில் கஜாவுக்கு ஒரு குச்சி உடைந்து, ஒற்றைக் கையால் சமாளித்து, வேறு குச்சி எடுக்கிறவரை ஒரு தடுமாற்றம் இருக்கும். அந்தப் பாட்டே அந்தத் தடுமாற்றத்தில்தான் உயிரோடு இருந்தது. அதை நிரப்பிவிட்டான். என் குரலைச் சுருதியில் உட்கார வைத்திருக்கிறான். கோயில் பாடகர் குழுவில் இப்போது என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்.

“நல்லாத்தான கீது?” என்றார் அருமைநாதன்.

“நீங்க டீ டம்ளரை எடுத்துட்டு உள்ள போங்க.”

நித்திலா தலை நிமிராமல் இன்னொன்றும் சொன்னாள். ஆகஸ்ட் வெளியீட்டு விழாவை நடத்துவது கம்பெனியின் அறக்கட்டளை. “எனக்கு நேத்துதான்க்கா தெரியும். ஏழாவது பாட்டு யாரைப் பத்தினதுன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. பெனடிக்ட் சாருக்கு மட்டும்தான் தெரியும்.”

ஜூலை இருபதாம் தேதி கம்பெனி விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இன்னும் நான்கு தொட்டி வரப்போகிறதாம். லோகு செத்த பாட்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தங்கள் விழாவில் போட்டு, கம்பெனி நல்ல கம்பெனி என்று காட்ட எங்களையே விளக்குப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

ஜூன் 28
மாலை 176/106

கஜா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு தெரு. இருபத்துநான்கு வருடமாக எதிரில் வந்தால் அவன் அடுத்த சந்தில் திரும்பிவிடுவான். இன்று பள்ளி விட்டதும் நேராக அவன் பட்டறைக்குப் போனேன். படகு இன்ஜின் பழுதுபார்க்கிற இடம். குனிந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“கஜா.”

நிமிரவில்லை. “இன்னாத்துக்கு வந்த?”

“ஏழாவது பாட்ட எடுத்துட்டானுங்க. ரெக்கார்டு வருது, அதுல அது இல்ல.”

போல்ட் வந்துவிட்டது. அதை டீசல் டப்பாவில் போட்டான். “அவனுங்க இப்பதான் எடுத்தானுங்க. நீ அன்னிக்கே எடுத்துட்ட.”

“கஜா, நான்—”

“கோர்ட்ல எங்கம்மா பக்கத்துல குந்திகினு இருந்தேன். வக்கீலு உன் லெட்டர படிக்கிறான். ‘பாட்டு எழுதினவங்களே கேட்டு தொறந்துதான் இருந்துதுன்னு ஒத்துக்கினாங்க’ன்றான். எங்கம்மா என்னையப் பாத்து, ‘அந்தப் பொண்ணாடா, நம்ம வூட்ல சோறு துண்ணுச்சே’ன்னு கேட்டுது. நான் இன்னா சொல்லட்டும்?” இப்போதுதான் நிமிர்ந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. “போ. வேல கீது எனுக்கு.”

திரும்பி வந்தேன். வழியில் மீன்காரம்மாவிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

ஜூன் 29
பார்க்கவில்லை.

உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இதை டாக்டரிடம் காட்டப் போவதில்லை.

கேசட் வந்த மூன்றாம் மாதம் அப்பாவைக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். அப்பா அங்கே பாய்லர் ஆப்பரேட்டர், நிரந்தர வேலை. மறுநாள் என்னையும் அழைத்து வரச் சொன்னார்கள். அறையில் ஏ.சி. ஓடியது. அப்பா நின்றுகொண்டிருந்தார், எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். கடிதம் முன்பே டைப் செய்யப்பட்டிருந்தது. பாட்டு என் கற்பனை, சம்பவத்தன்று பின்கேட் திறந்தே இருந்தது, அவதூறுக்கு வருந்தி மன்னிப்புக் கோருகிறேன், மீதமுள்ள கேசட்டுகளை ஒப்படைக்கிறேன். மேனேஜர் என்னைத் திட்டவே இல்லை. “பாட்டு நல்லாத்தாம்மா இருந்துச்சு. எம் பையன்கூட கேட்டான்” என்றார். அதை நான் மறக்கவில்லை.

அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போட்டேன். வீட்டிலிருந்த நூற்றெண்பது கேசட்டை ரிக்‌ஷாவில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா இன்னும் பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

ஒரு துண்டுக் காகிதம், அதை வைத்து என்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து லோகுவின் அம்மா போட்ட வழக்கில் அதைத்தான் எடுத்து வைத்தார்கள். வழக்கு தள்ளுபடி.

இன்னும் ஒன்று. பதினெட்டாம் தேதி, பார்த்தவர்கள் சொன்னதை வைத்து எழுதினேன் என்று இங்கே எழுதியிருக்கிறேன். பொய். பார்த்தது நான்தான்.

அப்பாவுக்குத் தினமும் மதியச் சோறு பின்கேட்டில்தான் கொடுப்பேன். அன்றும் கேரியரோடு போனேன். உள்ளே மஞ்சளாகப் புகை. கம்பிக்கு அந்தப் பக்கம் கைகள். பூட்டு வெளிப்பக்கம், என் பக்கம், தொங்கிக்கொண்டிருந்தது, பித்தளைப் பூட்டு. வாட்ச்மேன் சாவி தேடி ஆபீசுக்கு ஓடினார். லோகு அண்ணன் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். “ஜெனோ, சாவி எங்கம்மா?” என்று கேட்டார். பாட்டில் இருக்கிற அந்த வரி நான் எழுதியது இல்லை. ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்தேன். எத்தனை அடி என்று நினைவில்லை. அது உடையவில்லை.

அதைக் கஜாவிடம்கூட அன்று சொல்லவில்லை. அண்ணன் கடைசியாகப் பேசியது என்னிடம் என்று எப்படிச் சொல்வது? பாட்டாகக் கத்தினேன். பிறகு அதையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 3
150/94. மாத்திரையை மாற்றினார்கள்.

ஜூலை 7
166/100

எச்.எம். சுகந்தி மேடம் கூப்பிட்டார். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கபடி டீமை ஜெர்சியோடு கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டுமாம். கம்பெனி கேட்டிருக்கிறது.

“அன்னிக்குப் பிள்ளைங்களுக்கு பிராக்டிஸ் இருக்கு மேடம்.”

“ஒருநாள் பிராக்டிஸ் இல்லாட்டி குடிமுழுகிப் போயிடுமா?”

“வரிசையா உக்காந்து கை தட்டறதுக்கு நான் அவங்களைப் பழக்கல.”

கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷி இல்லை. ஆயிரத்து இருநூறு பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும் அவருக்கு. “ஜெனோவா, நீங்க இதுல தலையிடாதீங்க. மேனேஜ்மென்ட் கேட்டா என்னால உங்களுக்காகப் பேச முடியாது.”

அன்று அப்பாவுக்காக என்றேன். இன்று அப்பா இல்லை, என் வேலை மட்டும்தான். அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பத்தொன்பது வருட வேலை.

ஜூலை 12
154/96

நித்திலா வேலையை விட்டுவிட்டாள். “சண்டை போட்டு வந்தியா?” என்றேன். “கதவைச் சாத்தின சத்தம் ரெண்டு மாடிக்குக் கேட்டிருக்கும்” என்றாள்.

அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையின் பின்அறையில் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் பயிற்சி செய்கிறார்கள். ‘கேட்டத் தெற’ வாசித்துக் காட்டினார்கள். நாங்கள் வாசித்ததைவிட வேகம். ஒரு இடத்தில் மூன்று பேரும் சட்டென்று நிறுத்திவிட்டு, அமைதியில் ஒருத்தி மட்டும் மெல்ல “சாவி எங்க” என்கிறாள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. என்னைவிட நன்றாகச் செய்துவிட்டார்களே என்று ஒரு எரிச்சல், அதோடு கூட கால் தானாகத் தரையை உதைத்தது. முந்நூறு கேசட்டில் நூற்றெண்பதை நானே தூக்கிக் கொடுத்தேன். மிச்சம் இந்த அறைவரை வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கும் ஆரம்பம் எவனோ லண்டனில் சட்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியது. அவனுக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

நித்திலா கிட்டாரைக் கழற்றாமலே கேட்டாள்: “அக்கா, ‘பூட்டு தொங்குது’ன்னு இருக்கே. நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றேன்.

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. டிரம்ஸ் அடிக்கிற பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஜூலை 15
158/98

அருமைநாதனிடம் சொன்னேன். முழுக்க. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“கல்யாணம் ஆகி இருவது வருசம் ஆச்சு.”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லல.”

“யார்கிட்டயும் சொல்லல.”

“அந்த ‘யார்கிட்டயும்’ல நானும் ஒருத்தனா?” எழுந்து கை கழுவிவிட்டு ஷிப்டுக்குப் போனார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஜூலை 16
ஷிப்ட் முடிந்து வந்தவர், “இருவதாம் தேதி லீவு போட்டுக்கீறேன்” என்றார்.

ஜூலை 20
காலை பார்க்கவில்லை. மாலை பார்க்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள்ளேயே, கூட்டம் நடக்கிற கல்யாண மண்டபத்தைச் சுற்றிப் போலீஸ். வாசலில் நித்திலாவும் பெண்களும் ஒரு மினி லாரியில் ஜெனரேட்டர் வைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றரைப் பாட்டு. இன்ஸ்பெக்டர் ஜெனரேட்டரை நிறுத்தினார். கிட்டார் போய்விட்டது, மைக் போய்விட்டது. டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை என்பதை அவர் கவனிக்க இன்னும் இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடமும் அந்தப் பெண் அடித்தாள். குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்று கத்தினார்கள். ஆறு வார்த்தைதானே, உடனே பிடிபட்டுவிட்டது.

உள்ளே மேடையில் வருவாய்த் துறை அதிகாரி, பக்கத்தில் பேசுவதை எல்லாம் எழுதிக்கொள்ளும் ஒரு எழுத்தர். முன்வரிசையில் கம்பெனி ஆட்கள். கபடி டீம் வரவில்லை. பிராக்டிஸ் வைத்திருந்தேன். பெயர் கொடுத்திருந்தேன், பதினெட்டாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். அருமைநாதன் பின்னால் சுவரோரம் நின்றார். தூண் பக்கத்தில் கஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யார் சொல்லி வந்தானோ.

எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பிரித்தேன். கண்ணுக்கு எழுத்து நிற்கவில்லை. மடித்துவிட்டேன்.

“என் பேரு ஜெனோவா. பி.டி. டீச்சர். தொண்ணூத்தொம்பதுல இந்தக் கம்பெனிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தேன். பின்கேட் தொறந்து இருந்துச்சுன்னு அதுல கையெழுத்துப் போட்டேன். அது பொய். பூட்டு வெளியில தொங்குச்சு. நான் அந்தப் பக்கம் நின்னேன். கல்லால அடிச்சேன், ஒடையல. லோகுன்னு ஒருத்தர் உள்ள நின்னு எங்கிட்ட சாவி கேட்டாரு. அந்த மன்னிப்ப நான் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“அம்மா, புதுத் தொட்டி சம்பந்தமா மட்டும் பேசுங்க” என்றார் அதிகாரி.

“நாலு தொட்டி கட்டப் போறாங்க. அந்தக் கேட்டு சாவி யார்கிட்ட இருக்கும்னு கேக்குறேன். இது சம்பந்தம் இல்லையா?”

மைக்கை நிறுத்திவிட்டார்கள். மைக் இல்லாமல் கபடி மைதானம் முழுக்கக் கேட்கிற தொண்டை இது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எத்தனை வருடத்துக் கோபம் என்று தெரியவில்லை, சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. கம்பெனி ஆட்களில் ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். ஜனங்கள் கத்தியதில் கேட்கவில்லை. இரண்டு பெண் போலீஸ் என் கையைப் பிடித்தார்கள்.

அப்போது கஜா மேடையை நோக்கி நடந்தான். எல்லோரும் அடிக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். நேராக எழுத்தரின் முன்னால் போய் நின்றான்.

“எய்திக்கினியா?”

அந்த மனிதர் அதிகாரியைப் பார்த்தார்.

“அவர இன்னாத்துக்குப் பாக்குற? கேட்டு பூட்டியிருந்துச்சுன்னு அந்தம்மா சொல்லிச்சு. அத்த எய்து. எய்திட்டு படிச்சுக் காட்டு.”

மண்டபமே “எழுது, எழுது” என்று கத்தியது. அதிகாரி ஒரு நிமிடம் யோசித்துத் தலையை ஆட்டினார். எழுத்தர் எழுதி, எழுந்து நின்று, செய்தி வாசிக்கிற குரலில் படித்தார்: “சம்பவத்தன்று பின்கேட் வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்ததைத் தாம் நேரில் கண்டதாகவும், முன்னர் அளித்த கடிதம் உண்மைக்குப் புறம்பானது எனவும் தெரிவித்தார்.”

கஜா கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

ஜூலை 22
மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவரை பள்ளிக்கு வர வேண்டாம். கபடிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று அழுதார்கள். “அழுதா மூச்சுப் பிடிக்க முடியாது, போய் ஓடுங்கடி” என்று விரட்டினேன். விரட்டிவிட்டு நான் அழுதேன்.

ஜூலை 25
பென்னி போனில் கத்தினான். விழாவில் வெளியீடு ரத்து. அவன் பெயர் கெட்டுவிட்டதாம். “ஏழு பாட்டா போடுறதுன்னா கூப்பிடு” என்று வைத்துவிட்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், அவன் மேல் அவ்வளவாக வரவில்லை.

வக்கீல் ஒருவர் வந்து பார்த்தார். பழைய வழக்கைத் திரும்பத் திறப்பது கஷ்டம், ஆனால் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். கூட்ட அறிக்கையில் நான் சொன்னது சேர்ந்துவிட்டது. அதை இனி எடுக்க முடியாது.

ஜூலை 30, ஞாயிறு

காலையில் கஜா வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“எங்கம்மா உன்னிய கூப்புடுது.”

கூட நடந்தேன். நான்கு தெருவும் அவன் முன்னால், நான் பின்னால். திருப்பத்தில் ஒருமுறை சொன்னான்: “உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத.”

“நெனைக்கல.”

லோகுவின் அம்மா ராஜகாந்தம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அதே கையால் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்தார். கஜா “எம்மா!” என்றான்.

“இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாடி?”

கன்னத்தைத் தடவாமல் நின்றேன்.

“எம் புள்ள உங்கிட்ட இன்னா கேட்டான்? நீயே உன் வாயால சொல்லு.”

“சாவி எங்கம்மான்னு கேட்டாரு.”

அதைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “உன்னிய திட்டுனானா?”

“இல்லம்மா. ஜெனோன்னு கூப்பிட்டாரு.”

கஜா பக்கம் திரும்பிக் கேட்டார்: “இவ ஏதோ பாட்டு பாடுனான்னு கோர்ட்டு பூரா அடிச்சிகினாங்களே, எனுக்கு நீ போட்டே காட்டலயே. போடு.”

இருபத்துநான்கு வருடமாக வீட்டில் அதைப் போடவில்லை அவன். என்னிடம் கேசட்டும் இல்லை. நித்திலா அனுப்பியதை என் போனில் போட்டேன், பென்னி கைவைக்காத பழைய பதிவு. கஜா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அந்தச் சின்ன அறையில் அவன் டிரம்ஸும் என் தொண்டையும் இரண்டு நிமிடம் இடித்தன. தாளம் ஓர் இடத்தில் வழுக்குகிறது, நான் மூச்சுக்கு அலைகிறேன், எல்லாம் அப்படியே.

முடிந்தது.

“இது பாட்டா?” என்றார் அம்மா. “ஒப்பாரி வெக்கிறாப்புல இல்ல, அடிக்க வர்றாப்புல கீது.”

“ஆமாம்மா.”

“இன்னொரு தபா போடு.”

போட்டேன்.

“சத்தம் பத்தல. ஏ கஜா, அந்த ஜன்னல தொற, கம்பெனி பக்கத்து ஜன்னல. பெருசா ஏதாவது பொட்டி கிட்டி இருந்தா எட்த்துகினு வா.”

கஜா ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவர எழுந்து போனான்.